சர்க்கரை உள்ளவருக்கு ஈறில் ரத்தம்: காப்பீட்டில் சேரும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: எனக்கு வயது 52. எட்டு வருடமாகச் சர்க்கரை. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது. பல் மருத்துவமனையில் நான்கு தடவையாக டீப் கிளீனிங் செய்ய வேண்டும் என்கிறார்கள். காப்பீட்டு முகவர் ஒருவர், ‘ஈறைக் கவனித்தால் சர்க்கரை, இதயம் எல்லாம் சரியாகும், எங்கள் பல் திட்டத்தில் எல்லாமே அடங்கும்’ என்கிறார். வீட்டிலோ, கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் வீட்டாரின் பயம். கிளீனிங்கால் பல் ஆடாது. ஈறுக்கு அடியில் கல்லாக இறுகிப் படிந்த பற்காரையைச் சுற்றிக் கிருமிகள் பெருகி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைவதால்தான் ஆடுகிறது. காரை திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும்வரை ஆட்டம் தெரியாது. எடுத்த பிறகு ஈறின் வீக்கமும் வடிந்து, இடைவெளி வெளியே தெரியும். சில நாள் கூசும். பழி கிளீனிங் மேல் விழுகிறது.

முகவர் சொன்னதில் சர்க்கரை பற்றியது ஓரளவு உண்மைதான். ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை ஏறினால் ஈறும் மோசமாகும். முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று, நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவதை, பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2022 ஆய்வுத் தொகுப்பு காட்டியது. அதாவது 8.4 இருந்தால் 8 அளவுக்கு வரலாம். இது நல்ல பலன், ஆனால் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இல்லை. இதய விஷயம் வேறு. ஈறு நோயும் இதய நோயும் சேர்ந்தே காணப்படுகின்றன. ஆனால் ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு வராது என்று இதுவரை நிரூபணமாகவில்லை. அதைச் சொல்லித் திட்டம் விற்கிறவரை நம்பாதீர்கள்.

அடுத்தது டீப் கிளீனிங், அதாவது ஈறுக்கு அடியில் இருக்கும் காரையைச் சுரண்டி எடுப்பது. இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறுக்குள் விட்டு ஆழம் பார்ப்பார்கள். மூன்று வரை இருந்தால் சாதாரண கிளீனிங்கும் ஒழுங்காகத் துலக்குவதும் போதும். நான்கு, ஐந்து என்று ஏறி, தொட்டதும் ரத்தமும் வந்தால்தான் டீப் கிளீனிங் பற்றிப் பேச வேண்டும். உங்கள் ஈறில் அப்படிக் கம்பி விட்டு அளந்தார்களா? எண்களைச் சத்தமாகச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் எழுதினாரா? இல்லையென்றால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அளந்திருந்தால், எண்கள் எழுதிய தாளையும் எக்ஸ்ரேயையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்காரர் கேட்கும் ஆதாரமும் அதுதான். லேசர், விசேஷ மவுத்வாஷ், ஆன்டிபயாடிக் என்று சேர்த்து ‘பேக்கேஜ்’ போட்டுத் தந்தால், கம்பி அளவைக் காட்டி ஒவ்வொன்றும் எதற்கு என்று கேளுங்கள். காரையை எடுக்காமல் மாத்திரை மட்டும் விழுங்குவதில் பலன் இல்லை.

திட்டத்தைப் பொறுத்தவரை முகவரின் வாய்வார்த்தை செல்லாது. பாலிசித் தாளில் மூன்றைத் தேடுங்கள்: காத்திருப்புக் காலம் எவ்வளவு, வருடத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு, ஏற்கெனவே இருக்கும் ஈறு நோயை விலக்கியிருக்கிறார்களா. சில திட்டங்களில் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதல் கிளீனிங் உண்டு. அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும், முகவர்கள் அதைச் சொல்வதில்லை. டீப் கிளீனிங்குக்கு முன்அனுமதி எழுத்தில் வாங்குங்கள். டீப் கிளீனிங் முடிந்தவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு வேண்டும் என்று என்னைப் போன்ற ஈறு மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பல திட்டங்களோ வருடத்துக்கு இரண்டு கிளீனிங்கோடு நின்றுவிடுகின்றன. பல் கெட்டபின் பிடுங்கக் கொடுக்கிற பணத்தை, விழாமல் காக்க ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்? வாய் உடம்பில் சேராத உறுப்பு என்ற நினைப்பில் விதி எழுதினால் இப்படித்தான் ஆகும்.

இதைப் படிக்கும் ஒரு சாராருக்கு மட்டும் தனியாக ஒன்று. செயற்கை இதய வால்வு வைத்தவர்களும், முன்பு இதய உள்ளுறையில் தொற்று வந்தவர்களும், ஈறைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஈறில் கை வைத்ததும் கிருமி ரத்தத்தில் கலக்கும். அது வால்வில் போய் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சிகிச்சைக்கு முப்பதிலிருந்து அறுபது நிமிடம் முன்பு ஒரு தடவை ஆன்டிபயாடிக் தருவார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் அது மட்டும் காரணமாக இந்த மருந்து தேவையில்லை. அப்படித் தந்தால் ஏன் என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

உங்களுக்கு: காலையில் நேரம் வாங்குங்கள், சாப்பிட்டு, வழக்கமான மருந்தைப் போட்டுக்கொண்டு போங்கள். சிகிச்சைக்கு முன் ஒரு எச்பிஏ1சி, முடிந்து மூன்று மாதம் கழித்து இன்னொன்று. இரண்டையும் உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் காட்டுங்கள்.