51 கிலோ அமெச்சூர், புரொஃபஷனலில் எந்த எடை?

கேள்வி: எனக்கு 22 வயது. ஆறு வருடமாக அமெச்சூர் குத்துச்சண்டையில் 51 கிலோ பிரிவில் இறங்குகிறேன். போட்டி இல்லாத நாட்களில் 56 கிலோ இருப்பேன். இப்போது புரொஃபஷனலாக மாறப்போகிறேன். ‘லைட் ஃபிளைவெயிட்டுக்கு இறங்கிவிடு, அங்கே ஆள் குறைவு, சீக்கிரம் டைட்டில் கிடைக்கும்’ என்கிறார் கோச். ஒரு புரமோட்டர் ஐந்து வருட ஒப்பந்தம் நீட்டியிருக்கிறார். இறங்கலாமா? இந்த எடைகளில் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கலாம், பணம் வருமா?

பதில்: இறங்காதீர்கள். முதல் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். ஆனால் காரணம் தெரியாமல் கோச்சிடம் போய் நின்றால் அவர் பேசியே உங்களை இறக்கிவிடுவார். அதனால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

லைட் ஃபிளைவெயிட் என்றால் 108 பவுண்டு, அதாவது 48.99 கிலோ. நீங்கள் 56. குறைக்க வேண்டியது ஏழு கிலோ, உடம்பில் எட்டில் ஒரு பங்கு. எண்பது கிலோ ஆள் ஏழு கிலோ குறைப்பதும் இதுவும் ஒன்றல்ல. அவரிடம் கரைக்கக் கொஞ்சம் கொழுப்பாவது இருக்கும். ஆறு வருடம் ஓடி ஓடி 56 கிலோவில் நிற்கும் உடம்பில் கரைக்க என்ன இருக்கிறது? பாதிக்கு மேல் தண்ணீராகத்தான் போகும்.

கோச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அமெச்சூரில் சண்டை நாளன்று காலையிலேயே தராசில் ஏற வேண்டும். ஒரு தொடரில் நான்கு சண்டை என்றால் நான்கு காலை. அதனால் அங்கே பெரிதாகத் தண்ணீரை வடித்துவிட்டு இறங்க முடியாது. புரொஃபஷனலில் முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள். ஒரு முழு நாளுக்கும் மேல் கையில் இருக்கிறது, குடித்துச் சாப்பிட்டு ஏற்றிக்கொள்ளலாம், அதனால் ஒரு பிரிவு கீழே போகலாம் என்பது அவர் கணக்கு. நிறையப் பேர் போகிறார்கள், உண்மைதான். ஆனால் நீங்கள் இதுவரை ஆடியது மூன்று ரவுண்டு. இனி நான்கில் ஆரம்பித்து ஆறு, எட்டு, பத்து என்று போய், டைட்டில் சண்டை என்றால் பன்னிரண்டு. ஒரே நாளில் குடித்த தண்ணீர் தராசில் காட்டும். தசைக்குள் முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்பது ஏழாவது ரவுண்டில்தான் தெரியும்.

என் கார்னரில் நின்ற ஒரு பையனைச் சொல்கிறேன். எடை பார்க்கும் நாள் காலையில் இன்னும் 300 கிராம் மிச்சம். பிளாஸ்டிக் சூட்டைப் போட்டுக்கொண்டு குதிக்கிறான், வேர்வை வரவில்லை. காலிக் கோப்பை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எச்சிலைத் துப்பித் துப்பி அளவு பார்க்கிறான். அதுவும் நின்றுபோனது. ஜட்டியையும் கழற்றித் துண்டை மறைப்பாகப் பிடித்துத்தான் கடைசியில் எடை சரியாக வந்தது. எல்லோரும் கை தட்டினோம். மறுநாள் முதல் நான்கு ரவுண்டும் அவனுடையது. ஐந்தாவதில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஸ்டூலில் உட்கார்ந்தவன் எதிராளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அண்ணே, கால் என்னுடையது மாதிரியே இல்லை” என்றான். அந்தக் கை தட்டலில் என் கையும் இருந்தது என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

பெரிய பெயர்களுக்கும் இதே கதைதான். ஜப்பானின் நவோயா இனோவே 2014 ஏப்ரலில், தன் ஆறாவது சண்டையிலேயே லைட் ஃபிளைவெயிட் உலக டைட்டிலைப் பிடித்தார். அந்தச் சண்டையில் அவருக்கும் கால் பிடித்துக்கொண்டது. அந்தப் பெல்ட்டை ஒரே ஒரு முறை தக்கவைத்தார். அப்புறம் ஃபிளைவெயிட்டைத் தாண்டி நேராக சூப்பர் ஃபிளைவெயிட்டுக்குப் போய், அதே டிசம்பரில் ஒமர் நர்வாயேஸை இரண்டே ரவுண்டில் முடித்தார். பிறகு பாண்டம்வெயிட்டிலும் சூப்பர் பாண்டம்வெயிட்டிலும் உலக டைட்டில் தரும் நான்கு அமைப்புகளின் பெல்ட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்தார். கீழேயே கிடந்திருந்தால் இந்த இனோவேயைப் பார்த்திருப்போமா என்பது எனக்குச் சந்தேகம்.

பிலிப்பைன்ஸின் மானி பக்கியாவ் இன்னும் கசப்பான வழியில் கற்றுக்கொண்டவர். 1998 டிசம்பரில் ஃபிளைவெயிட் சாம்பியன். 1999 செப்டம்பரில் தராசில் 112 பவுண்டுக்கு வர முடியவில்லை. பெல்ட் தராசிலேயே போனது, மறுநாள் மூன்றாவது ரவுண்டில் நாக் அவுட். அடுத்த சில மாதங்களிலேயே இரண்டு பிரிவுகளைத் தாண்டி சூப்பர் பாண்டம்வெயிட்டில் நின்றார். 2001 ஜூனில், சுமார் இரண்டு வார அவகாசத்தில் கிடைத்த வாய்ப்பில் அங்கே உலக டைட்டில். எட்டுப் பிரிவுகளில் சாம்பியன் என்ற கதையெல்லாம் அப்புறம் வந்தது.

மாற்று உதாரணமும் உண்டு. மெக்சிகோவின் ரிகார்டோ லோபஸ் தன் காலத்தில் பெரும்பகுதியை 105 பவுண்டு மினிமம்வெயிட்டிலேயே கழித்தார். 51 வெற்றி, ஒரு டிரா, தோல்வியே இல்லை. அது அவருடைய உடம்பு. 56 கிலோ இருக்கும் உங்களுடையது இல்லை.

சரி, எந்தப் பிரிவு? இந்த எடைகளில் பிரிவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். 105 பவுண்டிலிருந்து 126 வரை, 21 பவுண்டுக்குள் ஏழு பிரிவுகள். அதே 21 பவுண்டு இடைவெளியில், 147 முதல் 168 வரை நான்குதான். ஃபிளைவெயிட் 112 (50.80 கிலோ), சூப்பர் ஃபிளைவெயிட் 115 (52.16), பாண்டம்வெயிட் 118 (53.52). ஒன்றரை கிலோவுக்கும் குறைவான வித்தியாசத்தில் அடுத்த கதவு இருக்கிறது. இவ்வளவு கதவுகள் இருக்கும்போது ஆகச் சின்னக் கதவில் எதற்காக உடம்பைத் திணிக்க வேண்டும்?

இதைச் சோதிக்க ஒரு நல்ல அளவுகோலை, உலக டைட்டில் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி வைத்திருக்கிறது. அவர்களுடைய டைட்டில் சண்டைக்கு 30 நாள் முன்பு எடை, வரம்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 7 நாள் முன்பு 5 சதவீதம். 108 பவுண்டுக்கு இதைப் போட்டுப் பாருங்கள்: 30 நாள் முன்பு நீங்கள் 53.9 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 56 கிலோ ஆள் அங்கேயே மாட்டிக்கொள்வார். 112க்கு 55.9, மயிரிழையில் தவறும். 115க்கு 57.4, தாராளமாக உள்ளே. உங்கள் பிரிவு இப்போதைக்கு சூப்பர் ஃபிளைவெயிட், நல்ல பயிற்சி கேம்ப் அமைந்தால் ஃபிளைவெயிட் என்று அந்த எண்களே சொல்லிவிடுகின்றன. இன்னோர் அமைப்பான ஐபிஎஃப்பின் டைட்டில் சண்டைகளில் இரண்டாவது தடவையும் எடை பார்ப்பார்கள்: சண்டை நாள் காலையில் வரம்பைவிட 10 பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. தண்ணீரை வடித்து இறங்கி மறுநாள் ஊதிக்கொண்டு வருகிறவர்களுக்கு அங்கேயும் கதவு பாதிதான் திறந்திருக்கும்.

முதல் ஐந்தாறு சண்டைகளுக்குப் பிரிவே முக்கியமில்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். நான்கு ரவுண்டு சண்டைகளை இரு தரப்பும் பேசி 114, 116 என்று ஏதாவது ஒரு எடையில் வைத்துக்கொள்வது சகஜம். அந்த ஒரு வருடத்தை உங்கள் உடம்பு எங்கே நிம்மதியாக நிற்கிறது என்று பார்க்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மேலே போவதற்கும் ஓர் எல்லை உண்டு. நிகராகுவாவின் ரோமன் கோன்சாலஸ், ‘சோகோலதீதோ’, மினிமம்வெயிட்டிலிருந்து சூப்பர் ஃபிளைவெயிட் வரை நான்கு பிரிவுகளில் சாம்பியன். நான்காவதில் தாய்லாந்தின் ஸ்ரீசாகெத் எதிரே வந்தபோது 2017இல் இரண்டு முறை தோற்றார், இரண்டாவது முறை நாக் அவுட். திறமையில் அவர் எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை. எதிரே இருந்தவர் எலும்பிலேயே பெரியவர். அந்த ஸ்ரீசாகெத், தன் முதல் ஐந்து சண்டைகளில் மூன்றில் தோற்றவர். ஆரம்பத்தில் ஒரு தோல்வி வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற ஆளா நீங்கள் என்று தெரியவில்லை, அதற்காகச் சொன்னேன்.

எடை தவறுவதை வெறும் அபராத விஷயமாக நினைக்காதீர்கள். சம்பளத்தில் ஒரு பங்கு எதிராளிக்குப் போகும், சாம்பியன் என்றால் பெல்ட் போகும், பெயரும் போகும். 2018 மார்ச்சில் ஷின்சுகே யாமானகாவுடனான பாண்டம்வெயிட் சண்டைக்கு லூயிஸ் நேரி முதலில் 123, இரண்டாவது முயற்சியில் 121 பவுண்டு காட்டினார். வரம்பு 118. இரண்டு ரவுண்டில் ஜெயித்தார், ஆனால் டைட்டில் அதற்கு முந்தின நாளே பறிபோயிருந்தது. ஜப்பான் குத்துச்சண்டை வாரியம் தடை விதித்தது. 2024 மே மாதம் டோக்கியோ டோமில் இனோவே எதிரே வரும்வரை அவரால் அந்த நாட்டில் சண்டை போட முடியவில்லை. லைட் எடைகளுக்கு முழு அரங்கமும் நிறைகிற நாடுகளில் ஒன்றில் ஆறு வருடம் கதவடைப்பு என்றால் எவ்வளவு நஷ்டம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பணத்துக்கு வருவோம். இந்த எடைகளில் சம்பளம் குறைவு, இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. லைட் ஃபிளைவெயிட்டில் பத்து லட்சம் டாலர் என்ற எண்ணே 1993–94 வாக்கில், மைக்கேல் கார்பஹாலும் ஹும்பெர்டோ கோன்சாலஸும் மோதிய காலத்தில்தான் காதில் விழுந்தது. ஜப்பான், மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து போன்ற இடங்களில் சின்ன எடைகளுக்கு ரசிகர்கள் அதிகம், அதனால் பணமும் அந்தப் பக்கமே சுற்றும். ஒப்பந்தத்தில் நூறு ரூபாய் என்று இருந்தால் நூறும் வீட்டுக்கு வராது. மேனேஜருக்கு 25 முதல் 33 வரை, கோச்சுக்கு வழக்கமாக 10, உலக டைட்டில் என்றால் அமைப்புக்கு 3 சொச்சம். வரி, கேம்ப் செலவு, ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டைக்கு வரும் ஆளுக்குக் கூலி இதற்கு மேல். முதல் இரண்டு மூன்று வருடம் வேறு ஒரு வருமானம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

ஸ்பாரிங் என்றதும் ஒன்று. உங்கள் எடைக்கு ஜிம்மில் ஆள் கிடைப்பது கஷ்டம், அதனால் 65 கிலோ ஆளோடு உங்களை ஏற்றிவிடுவார்கள். மெதுவாக அடிப்பான் என்பார்கள். அவன் மெதுவாக அடித்தாலும் அது 65 கிலோ அடிதான். சண்டையில் வாங்குவதைவிட இப்படி ஜிம்மில் வாங்கியே தேய்ந்துபோனவர்களை அதிகம் பார்த்திருக்கிறேன். தலை எம்ஆர்ஐ, கண் விழித்திரைப் பரிசோதனை இரண்டையும் யாரும் கேட்காவிட்டாலும் வருடம் ஒருமுறை எடுங்கள்.

எத்தனை வருடம் என்று கேட்டிருந்தீர்கள். இந்த எடைகள் கால் வேகத்தில் ஓடுபவை, வேகம் முதலில் போகும். முப்பதைத் தாண்டினால் பெரும்பாலானவர்களுக்கு இறக்கம். நோனிட்டோ டோனேர் 38 வயதில், 2021 மே மாதம் பாண்டம்வெயிட் உலக டைட்டிலைப் பிடித்ததை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். விதிவிலக்கை நம்பித் திட்டம் போட முடியாது. உங்களுக்கு எட்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டில் ஐந்தை ஒரே புரமோட்டருக்கு எழுதிக் கொடுப்பதா? நீளம் மட்டும் பிரச்சினை இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். வருடத்துக்குக் குறைந்தது எத்தனை சண்டை என்று எழுத்தில் இருக்கிறதா? முதல் இரண்டு வருடத்தில் வருடத்துக்கு நான்கு சண்டையாவது வேண்டும். காயம் பட்டால் ஒப்பந்தம் தானாக நீளுமா, டைட்டில் ஜெயித்தால் இன்னும் சில வருடம் ஒட்டிக்கொள்ளுமா? பயணம், மருத்துவம், லைசென்ஸ் செலவு யாருடையது? முக்கியமாக, எந்த எடையில் சண்டை என்பதை யார் முடிவு செய்வது? ‘புரமோட்டர் முடிவு செய்யும் எடை’ என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு, ‘இரு தரப்பும் ஒப்புக்கொண்ட எடை, 112 பவுண்டுக்குக் குறையாமல்’ என்று எழுதச் சொல்லுங்கள். புரமோட்டரும் மேனேஜரும் ஒரே ஆளாகவோ சொந்தக்காரராகவோ இருந்தால் உங்களுக்காகப் பேரம் பேச அங்கே யாரும் இல்லை என்று பொருள். கையெழுத்துக்கு முன் உங்கள் சார்பில் ஒரு வக்கீல் படிக்கட்டும்.

அதுவரை 28 நாள் காலையில் எழுந்தவுடன் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வயிறாரச் சாப்பிட்டு, தாகத்துக்குத் தண்ணீர் குடித்து, வாரம் ஒருமுறை எட்டு ரவுண்டு ஸ்பாரிங் செய்துகொண்டே. கடைசி வாரத்தின் எண்களையும் எட்டாவது ரவுண்டில் உங்கள் கால் எப்படி இருந்தது என்பதையும் எடுத்துக்கொண்டு கோச்சிடம் போங்கள்.