'கஸ்டடி' என்ற பிரெஞ்சுப் படம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: அண்ணா, வெங்கட் பிரபு படத்தையா சொல்றீங்க?

பதில்: இல்லை தம்பி, அது 2023. இது சேவியர் லெக்ரான் எழுதி இயக்கியது. 2017இல் வெனிஸ் திரைப்பட விழாவுக்கு வந்தது. பிரிந்துபோன மனைவி மிரியம், கணவன் அந்துவான் இருவருக்கும் நடுவில், யாரிடம் வளர்வது என்ற வழக்கில் மாட்டிக்கொண்ட 11 வயதுப் பையன் ஜூலியன். முடிவையும் பேசப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: விமர்சகர்கள் எல்லாரும் கொண்டாடினார்களா?

பதில்: பெரும்பாலும். வெனிஸில் இயக்கத்துக்கு வெள்ளிச் சிங்கம் விருது. பிரான்சின் தேசியத் திரைப்பட விருதுகளான சீசர் விருதுகளில், 2019இல் சிறந்த படம், மிரியமாக வரும் லேயா ட்ரூக்கேருக்குச் சிறந்த நடிகை. சண்டை மூண்டது கடைசிப் பகுதியை வைத்துத்தான்.

கேள்வி: நியாயம்தானே சார்? நீதிபதி அறையில் நிதானமாகத் தொடங்கிய படம், துப்பாக்கியோடு கதவை உடைக்கும் திகில் படமாகிவிடுகிறதே. யார் பொய் சொல்கிறார்கள் என்ற சந்தேகமும் போய்விடுகிறது.

பதில்: சந்தேகம் போகத்தான் வேண்டும். தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு வக்கீல்களும் நன்றாகவே பேசுகிறார்கள். அப்பாவைப் பார்க்க மாட்டேன் என்று பையன் எழுதியது வாசிக்கப்படும்போது, அம்மா சொல்லிக்கொடுத்ததோ என்று நமக்கே தோன்றுகிறது. எனக்குத் தோன்றியது. நீதிபதிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அதனால்தான் வார இறுதிகளில் பையன் அப்பாவின் வண்டியில் ஏறவேண்டி வருகிறது. நம் சந்தேகத்துக்கான கூலியைக் கொடுப்பவன் அவன். அந்தச் சந்தேகத்தைக் கடைசிவரை இழுத்திருந்தால் 'ரெண்டு பக்கமும் தப்பு இருக்கும்பா' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். தவிர, திகிலுக்கு நழுவுவது கைதவறி நடந்ததில்லை. தன்னைப் பாதித்தவை என்று லெக்ரான் சொன்ன படங்களில் பிள்ளைக்காகப் பெற்றோர் வழக்காடும் 'கிரேமர் வெர்சஸ் கிரேமர்' மட்டுமல்ல, திகில் படமான 'தி ஷைனிங்'கும் உண்டு.

கேள்வி: பின்னணி இசை எப்படி? எனக்கு ஞாபகமே இல்லை.

பதில்: இருந்தால்தானே ஞாபகம் இருக்கும்! சீட் பெல்ட் போடாததற்குக் கத்தும் பீப் பீப், விடாமல் அடிக்கும் வாசல் பஸ்ஸர், இவைதான் இசை. பிறந்தநாள் விழாவில் மட்டும் பாட்டு வரும். பாடும் ஜூலியனின் அக்காவின் கண் அங்குமிங்கும் அலையும்.

கேள்வி: அந்துவானாக வரும் டெனி மெனோஷேயின் உருவத்தைப் பார்த்ததுமே வில்லன் என்று தெரிந்துவிடுகிறது என்கிறாள் தோழி.

பதில்: பாதி சரி. ஆனால் அவர் மிரியமைக் கட்டிக்கொண்டு, மாறிவிட்டேன் என்று அழும் காட்சியைத் தோழியிடம் கேளுங்கள். அந்த அழுகை நடிப்பில்லை. அடியைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கேள்வி: நீங்கள் ஒப்புக்கொள்ளும் குறை ஒன்றாவது உண்டா?

பதில்: அக்கா ஜோசஃபீன். கழிவறைக் கதவுக்கு அடியில் கால்களை மட்டும் காட்டியே அவள் கர்ப்பப் பரிசோதனை செய்வதை லெக்ரான் சொல்லிவிடுகிறார். அபாரம். அப்புறம் அதை அப்படியே விட்டுவிடுகிறார். இதைக் குறையென்று சொன்னவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

கேள்வி: இதற்கு முன்கதையாக ஒரு குறும்படம் உண்டாமே, அதை முதலில் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். 2013இல் வந்தது, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது; அதே மிரியம், அதே அந்துவான். அதைப் பார்த்துவிட்டுப் போனால் முதல் காட்சியிலேயே உங்களுக்குத் தீர்ப்பு தெரிந்துவிடும்.