யாரிடம் போய்க் கேட்பது? வாசகர் கேள்வி – பதில்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்னும், பிள்ளையிடம் ஒரு குறைபாடு தென்பட்ட பின்னும், குடியை நிறுத்தியாக வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்த பின்னும் யாரை அணுகுவது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு, மருத்துவமனைச் சமூகப் பணியாளராக நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் ஆலோசகர் இந்த இதழில் பதிலளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. 5 வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் சரியாக வரவில்லை. 11ஆம் நாள் டிஸ்சார்ஜ் செய்தபோது ‘பயிற்சி கொடுங்கள்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். 6 இடங்களுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டேன். எல்லோரும் ‘எங்களிடம் அது இல்லை’ என்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த 6 இடங்களிலும் என்ன கேட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ‘பக்கவாதம் வந்தவருக்கு ஏதாவது உதவி கிடைக்குமா’ என்றுதான் கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஏனென்றால் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். மருத்துவமனைக்குள் எல்லாம் நோயின் பெயரால், உறுப்பின் பெயரால் பிரிக்கப்பட்டிருக்கும். வாசலைத் தாண்டிய பிறகு கிடைக்கும் சேவைகளோ, எந்த வேலை முடியவில்லை என்பதைக் கொண்டு பிரிக்கப்பட்டிருக்கும். ஆகவே நோயின் பெயரைச் சொல்லித் தேடுவதை நிறுத்திவிட்டு, காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை அவரால் எது முடிகிறது, எதற்கு ஆள் துணை வேண்டியிருக்கிறது என்று ஒரே ஒரு நாளை முழுமையாக எழுதிப் பாருங்கள். ஒரு பெண்மணி இப்படி எழுதிக் கொண்டுவந்த தாளில் ‘சட்டை போட 40 நிமிடம், கடைசிப் பொத்தானில் அழுதுவிட்டார்’ என்று ஒரு வரி இருந்தது. ஸ்கேன் அறிக்கையிலிருந்து எங்களுக்குக் கிடைக்காத செய்தி அந்த ஒரு வரியில் கிடைத்தது.

உங்கள் கணவருக்கு மூன்று பேரின் உதவி தேவைப்படும். எழுந்து நிற்பது, நடப்பது, வலுவிழந்த கையின் கனத்தால் தோள்மூட்டு இறங்கிவிடாமல் காப்பது ஆகியவற்றுக்கு பிசியோதெரபிஸ்ட். உடை மாற்றுவது, பல் துலக்குவது, கழிப்பறைக்குள் திரும்பி உட்காருவது போன்ற அன்றாட வேலைகளை மீண்டும் பழக்கவும், வீட்டில் கைப்பிடி எந்த இடத்தில் வேண்டும் என்று பார்த்துச் சொல்லவும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இப்படி ஒரு துறை இருப்பதே தெரியாததால் பலர் இவரைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். மூன்றாமவர் பேச்சு சிகிச்சை நிபுணர். விழுங்குவதில் உள்ள சிக்கலைப் பார்ப்பதும் இவருடைய வேலைதான். தண்ணீர் குடிக்கும்போது உங்கள் கணவர் இருமினாலோ, குடித்து முடித்ததும் குரல் ஈரம் கட்டியதுபோல் கரகரத்தாலோ, நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அது நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடும் என்பதால், வேறெதற்கும் முன்னால் இதைச் சொல்லி நேரம் வாங்குங்கள்.

பேச்சு சரியாக வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது எந்த வகை என்று கவனித்துச் சொன்னால் உதவியாக இருக்கும். ஒரு சீப்பைக் காட்டி என்னவென்று கேளுங்கள். ‘சீப்பு’ என்ற சொல் வந்து, அது குழறலாக ஒலித்தால் நாக்கு, உதட்டுத் தசைகளின் தளர்ச்சியாக இருக்கலாம். தலையில் சீவிக் காட்டுகிறார், ஆனால் சொல் மட்டும் கிடைக்காமல் தவிக்கிறார் என்றால், மூளையில் மொழியைக் கையாளும் பகுதி பாதிக்கப்பட்டிருக்கலாம். வலது பக்கம் விழுந்தவர்களிடம் இது அதிகம் காணப்படுவது. இரண்டுக்கும் பயிற்சி வேறு. பேச முடியாதவருக்குப் புரியவும் புரியாது என்று எண்ணிக்கொண்டு அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசும் வழக்கம் வீட்டில் ஏற்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, யாரிடம் கேட்பது என்பது. அவர் சிகிச்சை பெற்ற அதே மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், மருத்துவரைத் தேடாமல் சமூகப் பணியாளரைத் தேடுங்கள். என் துறையை நானே உயர்த்திப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 1895இல் லண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனையிலும், 1905இல் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலும் இந்தப் பணி தொடங்கிய காலத்திலிருந்தே, நோயாளியின் வீட்டு நிலையை அறிந்து அவருக்கு வெளியே கிடைக்கக்கூடிய உதவியோடு இணைத்துவிடுவது இப்பணியின் சாரமாக இருந்து வந்திருக்கிறது. சமூகப் பணியாளர் இல்லாத சிறிய மருத்துவமனையானால், பிசியோதெரபி பிரிவிலோ வார்டின் மூத்த செவிலியரிடமோ அதே கேள்வியைக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தை 5 நகல் எடுத்து வையுங்கள்; மூலத்தை யார் கையிலும் விட்டுவராதீர்கள்.

தொலைபேசியில் ஒருவர் இல்லை என்று சொன்னதும் வைத்துவிடாமல், ‘உங்களிடம் இல்லையென்றால் இதை யார் செய்கிறார்கள், நீங்களாக இருந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்’ என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லும் கணக்கர்கூட அந்த இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். தேதி, பேசியவர் பெயர், சொன்ன செய்தி ஆகிய மூன்றையும் ஒரே நோட்டில் குறித்து வாருங்கள். காத்திருப்போர் பட்டியல் என்றால் முதலில் பெயரைப் பதிந்துவிட்டு, அதன் பிறகு வேறிடம் தேடுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மீட்சி முதல் 3 மாதங்களில்தான் வேகமாக நடக்கிறது. அதன் பிறகும் நின்றுவிடுவதில்லை என்றாலும், இந்த வாரங்களை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: என் தம்பி 12 ஆண்டுகளாகக் குடிக்கிறான், இப்போது காலையிலேயே தொடங்கிவிடுகிறான். அறைக்குள் பூட்டிவைத்து நிறுத்திவிடலாம் என்கிறார் அம்மா. ‘ஆள் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள், நாங்களே வந்து தூக்கிக்கொண்டு போகிறோம், 90 நாளில் பூரண குணம்’ என்கிறது ஒரு மையம். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். அம்மாவின் யோசனையில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டியிருக்கிறது என்றால், உடல் மதுவுக்குப் பழகிப்போயிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இல்லாத பூச்சி கண்ணுக்குத் தெரிவதும், இருக்கும் இடம் மறந்து பிதற்றுவதும், காய்ச்சலும் படபடப்புமாக, மருத்துவர்கள் ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ என்று அழைக்கும் நிலை ஏற்படலாம். சிகிச்சை இல்லாவிட்டால் இது உயிரைப் பறிக்கக் கூடியது. மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்தினால், நடுக்கத்தை அடக்க மருந்தும், மூளையைக் காக்கத் தயமின் எனும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து அந்த நாட்களைக் கடத்திவிட முடிகிறது. குடிப்பவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கலாம் என்று யாராவது மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்து உடலில் இருக்கும்போது மதுவும் சேர்ந்தால் வாந்தி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு என்று விபரீதமாகிவிடும். ஒருவருடைய சம்மதத்தோடு மட்டுமே கொடுக்கப்பட வேண்டிய மருந்து அது.

அடுத்து அந்த மையம். குடிநோய் திரும்பத் திரும்பத் தலைதூக்கும் இயல்புடையது; அதில் நாள் குறித்துப் ‘பூரண குணம்’ என்று வாக்குக் கொடுக்கிறவர், நோயைப் பற்றி அறியாதவராக இருக்க வேண்டும் அல்லது உங்களை அறியாதவராக நினைத்திருக்க வேண்டும். எந்த மையமானாலும் நேரில் போய்ச் சிலவற்றைக் கேளுங்கள்: உரிமம் யாருடையது, காட்ட முடியுமா, இரவில் வலிப்பு வந்தால் வருகிற மருத்துவர் யார், சேர்ந்தவர் வெளியேற விரும்பினால் என்ன நடக்கும், குடும்பத்தார் எப்போது பார்க்கலாம், முடித்து வீடு திரும்பிய பின் எத்தனை மாதம் தொடர்பில் இருப்பார்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் சேர்க்காதீர்கள். பார்வையாளர் அறையை மட்டும் காட்டிவிட்டு உள்ளே விட மறுத்த ஓர் இடத்திலிருந்து, நான் அழைத்துப்போயிருந்த குடும்பத்தோடு அப்படியே திரும்பிவந்திருக்கிறேன்.

தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை என்பதால் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் மூலம் குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவரும் ‘கிராஃப்ட்’ என்ற முறை ஒன்று உண்டு. அவர் குடிக்காமல் இருக்கும் வேளையில் அன்பாகப் பேசி உடன் இருப்பது, குடித்திருக்கும்போது விலகிக்கொள்வது, அவருக்காக அலுவலகத்தில் பொய் சொல்வதை நிறுத்துவது, சிகிச்சை பற்றிப் பேச ஏற்ற தருணத்துக்குக் காத்திருப்பது ஆகியவற்றை அதில் பழக்குகிறார்கள். அமெரிக்காவில் 130 குடும்பத்தினரைக் கொண்டு நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், இப்பயிற்சி பெற்றவர்கள் 64 சதவீதத்தினரைச் சிகிச்சைக்கு வரச் செய்தார்கள். எதிரே உட்காரவைத்து எல்லோருமாகச் சேர்ந்து குற்றம் சாட்டி வற்புறுத்தும் பழைய வழியில் அது 30 சதவீதமாகவே இருந்தது. போதை மீட்பு ஆலோசகரைத் தேடும்போது, குடும்பத்தாரை மட்டும் தனியாகப் பார்ப்பாரா என்று கேட்டுத் தேடுங்கள். தம்பி வரும் நாள் வரை காத்திருக்காமல் நீங்கள் முதலில் போகலாம்.

கேள்வி: குடிப்பவர்களின் குடும்பங்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். வீட்டு விஷயத்தை அந்நியரிடம் சொல்வதா என்று கூச்சமாக இருக்கிறது.

பதில்: குடியை விட விரும்புவோருக்காக 1935இல் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸும், குடும்பத்தாருக்காக 1951இல் தோன்றிய அல்-அனானும் தம் பெயரில் ‘பெயரறியா’ என்ற பொருளைச் சேர்த்துக்கொண்டதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம். முழுப்பெயர் சொல்ல வேண்டாம், கட்டணம் இல்லை, பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2 கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள். பிடிக்காவிட்டால் வேறு ஊர்க் கூட்டத்தையோ இணையவழிக் கூட்டத்தையோ முயலுங்கள். ஒரு குழுவைப் போல இன்னொரு குழு இருப்பதில்லை.

கேள்வி: என் மகனுக்கு 26 மாதம் ஆகிறது. நான்கைந்து சொற்களுக்கு மேல் பேசவில்லை. ஆண் குழந்தைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள், காத்திரு என்கிறார் மாமியார்.

பதில்: காத்திருக்காதீர்கள். 2 வயதில் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும். முதலில் செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். கதவுச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறான் என்பது போதாது, பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காத பிள்ளையும் கதவுச் சத்தத்துக்குத் திரும்பும். பிறந்த 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் உதவி என்பது செவிக்குறைபாட்டில் கடைப்பிடிக்கப்படும் அளவுகோல். காலத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். கூடவே குழந்தை நல மருத்துவரிடம் வளர்ச்சிப் பரிசோதனை கேளுங்கள். நோயின் பெயர் முடிவாகும் வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மாமியார் சொன்னது சரியாகிப் பிள்ளை தானே பேசிவிட்டாலும், பயிற்சியால் அவனுக்கு ஒரு நட்டமும் இல்லை.

கேள்வி: எனக்கு 71 வயது, மனைவிக்கு 67. எங்கள் மகனுக்கு 34 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. எல்லாவற்றுக்கும் அம்மாதான். எங்களுக்குப் பிறகு என்ற கேள்வியை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை. அவனைச் சேர்க்கப் பராமரிப்பு இல்லம் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டதா?

பதில்: பேசாமல் வைத்திருந்த கேள்வியை எழுதி அனுப்பியதே பெரிய வேலை, ஐயா. உங்கள் மனைவியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இல்லத்தை உடனே முடிவு செய்ய வேண்டாம். ஆனால் ஒரு இரவையாவது உங்கள் மகன் வேறிடத்தில் கழித்துப் பழகும் ஏற்பாட்டை இந்த ஆண்டே தொடங்குங்கள். பராமரிப்பவருக்கு ஓய்வு தரும் குறுகிய காலத் தங்கல் என்று கேட்டுத் தேடுங்கள்; மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புப் பள்ளிகளும் பகல்நேர மையங்களும் பெற்றோர் சங்கங்களும் இதை யார் செய்கிறார்கள் என்று அறிந்திருப்பார்கள். பெற்றோரில் ஒருவர் திடீரென்று மருத்துவமனையில் விழுந்த நாளில், முன்பின் தெரியாத ஓர் இடத்துக்கு முதல்முறையாக அனுப்பப்பட்டவர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தவிர்க்க ஒரே வழி, நெருக்கடி இல்லாத காலத்தில் ஒத்திகை பார்த்துக்கொள்வதுதான்.

சட்டம் தெரிந்த ஒருவரிடம் காப்பாளர் நியமனம் பற்றியும் சொத்து ஏற்பாடு பற்றியும் பேச வேண்டும். அப்போது மகனும் உடன் இருக்கட்டும். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, மற்றவர்களைப் போலவே அவர்களுக்கும் சட்டத்தகுதி உண்டு என்றும், முடிவெடுக்கத் தேவைப்படும் ஆதரவை அரசுகள் அளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. யாரோடு இருக்கப் பிடிக்கும் என்று உங்கள் மகனுக்குத் தெரியும். அதை அவரிடம் கேட்பதற்கான சொற்களும் படங்களும் சைகைகளும் அவருடைய அம்மாவுக்குத் தெரியும்.

அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கும் அந்த அறிவைத் தாளில் இறக்குவதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அவசரமாகக் கருதுகிறேன். மருந்தும் அளவும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். அதன் பிறகு அவர் எதற்குப் பயப்படுவார், வலி என்றால் எப்படிக் காட்டுவார், எந்தப் பாயில் தூங்குவார் என்று தினம் இரண்டு வரி எழுதி வாருங்கள். ஒரு தாய் தன் மகனுக்காக எழுதிய நோட்டில், ‘சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் லேபிள் உறுத்தினால் சொல்ல மாட்டான், தோளைத் தூக்கித் தூக்கி இறக்குவான்’ என்று இருந்தது. அவன் வெளியே தங்கிய முதல் வார இறுதியில் அங்கிருந்த பணியாளர் அந்த வரியைப் படித்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து அவன் பையிலிருந்த 4 சட்டைகளிலும் லேபிளை வெட்டி எடுத்தார்.