படிவத்தை நிரப்பியது யார்? காப்பீட்டுக் கேள்வி பதில்

கேள்வி: ரிஸ்க், ஆபத்து, ஹஸார்டு எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஒரு பருத்திக் கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இழப்பை நேரடியாக உண்டாக்கும் தீதான் ஆபத்து. மூட்டைகளை உரசிக்கொண்டு போகும், தோல் உரிந்த மின்கம்பிதான் ஹஸார்டு. அந்தத் தீ வருமா, வந்தால் எவ்வளவு போகும் என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் ரிஸ்க். கம்பியை மாற்றினால் ஹஸார்டு போய்விடும்; ரிஸ்க் குறையும், முற்றிலும் போகாது.

மனிதர்களிடமும் ஹஸார்டு உண்டு. சரக்கு விற்காத வருடத்தில் கிடங்கு எரிந்தால் தேவலை என்று நினைப்பவர் ஒரு வகை. அது மாரல் ஹஸார்டு. ‘பாலிசி இருக்கிறதே’ என்று கம்பியை மாற்றாமல் விடுபவர் இன்னொரு வகை. அது மொரேல் ஹஸார்டு. நான் கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் முதல் வகையினரை அரிதாகத்தான் பார்த்தேன். இரண்டாம் வகையினர் தினமும் வந்தார்கள்.

கேள்வி: நண்பரின் வீட்டுக்கு என் பெயரில் பாலிசி எடுக்கலாமா?

கூடாது. அந்த வீடு எரிந்தால் உங்களுக்குப் பண நஷ்டம் ஏதும் இல்லை என்றால் அது பந்தயம், காப்பீடு அல்ல. முன்பின் தெரியாதவர்களின் உயிர் மீது பாலிசி எடுத்துப் பந்தயம் கட்டியதைத் தடுக்கத்தான் 1774இல் பிரிட்டன் சட்டமே போட்டது.

கேள்வி: ஒரே வீட்டை இரண்டு நிறுவனங்களில் காப்பீடு செய்தால் இரண்டு மடங்கு கிடைக்குமா?

கிடைக்காது. இழந்ததை ஈடுகட்டுவதுதான் சொத்துக் காப்பீட்டின் வேலை. 1883இல் இங்கிலாந்தில் தீர்ப்பான காஸ்டலைன் வழக்கைப் பாருங்கள். விற்பனை ஒப்பந்தம் போட்ட வீடு, கைமாறும் முன்பே தீயில் சேதமானது. நிறுவனம் 330 பவுண்டு கொடுத்தது. பிறகு வாங்கியவரும் முழு விலையைக் கொடுத்துவிட்டார். விற்றவருக்கு நஷ்டமே இல்லை என்றாகிவிட்டதால், அந்த 330 பவுண்டைத் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஏஜெண்ட், ‘எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார்.

அவர் பார்த்துக்கொள்ள மாட்டார். படிவத்தை உங்கள் கையால் நிரப்புங்கள். ஒரு கோப்பு இன்னும் என் நினைவில் இருக்கிறது: நோய் பற்றிய கேள்விகளுக்கு எதிரே வரிசையாக ‘இல்லை’, எல்லாம் நீல மையில். அடியில் கையெழுத்து மட்டும் கறுப்பு மையில். வேறு யாரோ எழுதிய அந்த ‘இல்லை’களால் கிளெய்ம் சிக்கலாகிவிட்டது என்பதைக் கணவரை இழந்த அம்மாவுக்கு எப்படி விளக்குவது? மறைக்காமல் சொல்லவேண்டிய இந்தக் கடமையை 1766இல் ஆங்கிலேய நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு கார்ட்டர் வழக்கில் வகுத்துக் கொடுத்தார்.

கேள்வி: ஐயா, பாதியைச் சொல்கிறீர்கள். அந்த வழக்கில் தோற்றது காப்பீடு கொடுத்தவர் அல்லவா?

ஆமாம், தோற்றது அவர்தான். படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். சுமத்ராவில் ஆங்கிலேயரின் மால்பரோ கோட்டை. அதன் ஆளுநர் கார்ட்டர், ஐரோப்பிய எதிரி அதைப் பிடித்தால் பணம் கிடைக்கும்படி பாலிசி எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். ‘கோட்டை பலவீனமானது என்று சொல்லவில்லையே’ என்றார் காப்பீடு கொடுத்தவர். ‘ஆளுநருக்குத்தான் பாலிசி கொடுக்கிறோம் என்று உமக்குத் தெரியும், கேட்டிருக்கலாம், கேட்கவில்லை’ என்ற போக்கில் போனது தீர்ப்பு. நன்னம்பிக்கை, அதாவது மறைக்காமல் நேர்மையாக நடந்துகொள்வது, இரு தரப்புக்கும் பொது.

கேள்வி: அப்படியானால் கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை, சரிதானே?

அது எந்த நாட்டுச் சட்டம் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் 2012ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர்களை அந்தச் சுமையிலிருந்து விடுவித்தது. கேட்டதற்குக் கவனத்தோடு உண்மையைச் சொன்னால் போதும். ஆனால் மேலே கேட்டவரிடம் படிவமே சர்க்கரை பற்றிக் கேட்கிறது. கேட்ட பிறகு ‘இல்லை’ என்று எழுதுபவருக்குக் கார்ட்டர் துணைக்கு வரமாட்டார்.

கேள்வி: நான் புகைபிடிப்பேன். படிவத்தில் எழுதவேண்டுமா?

மேலே சர்க்கரை நோய்க்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கேள்வி: புயலில் என் மரம் பக்கத்து வீட்டுக் கார் மேல் விழுந்தது. நான் பணம் தரவேண்டுமா?

மரம் உங்களுடையது என்பதால் மட்டும் பொறுப்பு உங்களுடையதாகிவிடாது. நீங்கள் காட்டவேண்டிய கவனம், அதில் தவறியது, அந்தத் தவறால் வந்த சேதம் ஆகிய மூன்றும் சேரவேண்டும். நல்ல மரம் புயலில் சாய்ந்தால் பொதுவாக உங்கள் மேல் குற்றமில்லை. அடிமரம் உளுத்துக் காளான் பூத்திருந்து, பக்கத்து வீட்டார் எச்சரித்தும் விட்டிருந்தால் கதை வேறு. உங்களுக்குப் பொறுப்புக் காப்பீடு (பிறருக்கு நீங்கள் தரவேண்டிய நஷ்டஈட்டை ஏற்கும் காப்பீடு) இருந்தால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அதற்கு முன் ‘தவறு என்னுடையதுதான்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எந்த நிறுவனம் நல்லது?

அதற்கு நான் ஆள் இல்லை.

கேள்வி: ஏஜெண்டே படிவத்தை நிரப்பிவிட்டார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

மறுபடியுமா! நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தவறு இருந்தால், கிளெய்ம் எதுவும் வருவதற்கு முன்பே திருத்தம் அனுப்பி ஒப்புகை வாங்கி வையுங்கள். நகலைப் படித்த பிறகு வாருங்கள், பேசலாம்.