பஸ் ஏறுவதற்கு முதல் நாள்: களப்பயணம் பற்றிய கேள்வி பதில்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் 26 ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். களப்பயணம் பற்றிக் கேட்கச் சொன்னதும் ஆசிரியர்களும் பெற்றோரும் நிறையவே கேட்டுவிட்டீர்கள். என் அனுபவத்துக்கு எட்டியவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஜனவரியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போகிறோம், டீச்சர். சென்ற ஆண்டு பறவைகளைவிட ஐஸ் வண்டியைத்தான் அதிகம் பார்த்தார்கள். என்ன செய்யலாம்?

எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள், சார்? உச்சி வெயிலில் என்றால் பிள்ளைகள் மேல் குற்றமில்லை. அந்நேரத்தில் பறவைகள் பாதியும் கிளையில் அசையாமல் நிற்கும். ஐஸ் வண்டியாவது நகர்கிறது. காலை ஏழரைக்குள் ஏரிக்கரையில் நில்லுங்கள். முடியாவிட்டால் மாலை நான்குக்கு மேல் போங்கள். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது.

கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா என்று இருபது பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒரே ஒரு பறவை போதும். நான் எடுத்துக்கொள்வது நத்தைக்குத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். முதல் நாள் அதைக் கரும்பலகையில் வரைந்து, “இந்தச் சந்து எதற்கு?” என்று கேட்டுவிட்டு விடையைச் சொல்லாமல் மணியடிக்க விட்டுவிடுவேன். சாப்பிடும்போது வாய் வலிக்காமல் இருக்க என்றான் ஒருவன். நத்தையைப் பிடித்துத் தின்னும் பறவை என்பதை மட்டும் பஸ்ஸில் சொன்னேன். பார்வைக் கோபுரத்தில் ஒரு சிறுமி என் புடவையை இழுத்து, “டீச்சர், கூட்டில் இருக்கும் குஞ்சுக்குச் சந்தே இல்லை!” என்றாள். எனக்கே அது தெரியாது. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால், அவள் சொன்னது சரி. வளர வளரத்தான் அந்த இடைவெளி உண்டாகிறது.

முடிந்தால் உள்ளூர் விவசாயி ஒருவரைப் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை நாம் சொல்வதைவிட அவர் சொன்னால் பிள்ளைகள் நம்புவார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை அந்த ஊர் மக்கள் கலெக்டரிடம் எழுத்தாக வாங்கியது 1798-இல். பட்டாசு வெடிக்காத ஊர் என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பே வாயைப் பிளக்கும்.

பாடம் நின்றுபோகாதா? (நான்காம் வகுப்பு மாணவனின் தந்தை)

ஒரு நாள் நிற்கும். ஆண்டு விழா ஒத்திகைக்கு இரண்டு வாரம் நின்றபோது யாரும் கேட்கவில்லையே, ஐயா!

எங்கள் பள்ளியில் தலைக்கு ஐம்பது ரூபாய்கூடக் கேட்க முடியாது. பஸ் வைக்க வழியில்லை.

பஸ் எதற்கு? அஞ்சலகத்துக்கு நடந்து போங்கள். ஓர் அஞ்சலட்டை ஐம்பது காசுதான். முப்பது பிள்ளைகளுக்குப் பதினைந்து ரூபாயில் முடிந்தது களப்பயணம்.

நான் செய்த விதம் இது: ஆளுக்கொரு அட்டையில் தங்கள் வீட்டுக்கே கடிதம் எழுத வேண்டும். எழுத உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பாதிப் பேருக்குச் சொந்த முகவரி தெரியவில்லை. “தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்” என்று எழுதியிருந்தான் ஒருவன். அன்றைய வீட்டுப்பாடம் தானாகவே அமைந்துவிட்டது: கதவு எண், தெரு, அஞ்சல் குறியீட்டு எண். மறுநாள் அந்த ஆறு இலக்கத்தை வைத்தே ஒரு கணக்கு வகுப்பு. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த முறை அது. எல்லோருடைய எண்ணும் ஏன் 6-இல் தொடங்குகிறது, கேரளத்து மாமா வீட்டு எண்ணும் ஏன் அப்படியே தொடங்குகிறது என்று அவர்களே கேட்டார்கள்.

போகும் முன் அஞ்சலக அலுவலரிடம் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்த வேளையில் முத்திரை குத்துவதைக் காட்டுவார்கள். அந்தத் ‘தப், தப்’ ஓசையை அடுத்த ஒரு வாரம் வகுப்பில் மேசை மேல் கேட்கத் தயாராக இருங்கள். அட்டை எந்தக் கிழமை வீடு சேர்ந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல, நாள்காட்டியில் குறித்தோம். ஒரே பையில் போனவை ஏன் வேறு வேறு நாளில் சேர்ந்தன என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

திரும்பி வந்து எழுதச் சொன்னால் எல்லாரும் “சென்றோம், பார்த்தோம், மகிழ்ச்சியாக இருந்தது” என்றே எழுதுகிறார்கள்.

‘மகிழ்ச்சி’ என்ற சொல்லுக்குத் தடை போடுங்கள். நான் போட்டிருக்கிறேன். கட்டுரைக்குப் பதில் மூன்று வரி கேட்பேன்: நீ மட்டும் பார்த்தது என்ன, காதில் விழுந்தது என்ன, இன்னும் புரியாதது என்ன. மூன்றாவது வரியைத்தான் முதலில் படிப்பேன்.

எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி, தொடக்க நிலையிலிருந்து மேல்நிலை வரை, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறோம். வெளியே போகும்போதும் அப்படியே பிரிக்கலாமா?

வேண்டாம். மூன்று நிலையிலிருந்தும் ஒவ்வொருவராகச் சேர்த்துக் குழு அமையுங்கள். எழுதத் தடுமாறும் அரும்புப் பிள்ளைக்குக் கண் கூர்மையாக இருக்கும். மலர் நிலைப் பிள்ளை அவன் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது அன்று தலைகீழாகிவிடும்.

அனுமதி, முன்னேற்பாடு பற்றிச் சொல்லுங்கள்.

தலைமை ஆசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம், ஒவ்வொரு பெற்றோரிடமும் கையெழுத்திட்ட ஒப்புதல், முதலுதவிப் பெட்டி. இவை உங்களுக்கே தெரியும். விடுமுறை நாளை மட்டும் மறக்காதீர்கள். வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. பூட்டிய கேட்டுக்கு முன்னால் 42 பிள்ளைகளோடு புளியோதரை சாப்பிட்டவள் சொல்கிறேன். கிளம்பும் முன் ஒரு போன் செய்திருக்கலாம், செய்யவில்லை.

என் மகளுக்கு பஸ்ஸில் வாந்தி வரும், டீச்சர். அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். முன் இருக்கையில் ஜன்னல் ஓரம் உட்காரவைப்போம். மாற்று உடையும் இரண்டு கவரும் பையில் இருக்கட்டும். முக்கியமாக, “வாந்தி எடுக்காதே” என்று வழியனுப்பாதீர்கள்.

நானும் உடன் வரலாமா? (அதே தாய்)

வாருங்கள், அம்மா. பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து இருவர் வருகிறார்கள், அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் மகள் இருக்கும் குழுவில் உங்களைப் போட மாட்டேன். பின்னால் வரும் குழுவுக்குத் தண்ணீர்க் கேன் தூக்க ஆள் தேவைப்படுகிறது.