‘உது’ தெரிந்தவருக்கு யப்பானிய மொழி

கேள்வி: ஒசாக்காவில் இருக்கும் மகனிடம் மூன்று கிழமை போய் நிற்கப் போகிறேன். எனக்கு வயது 62. எழுத்துப் படிக்க இனி ஏலாது. அவன் வேலைக்குப் போன நேரத்தில் தனியே கடைக்குப் போய்வர என்னென்ன பேசத் தெரிய வேண்டும்? நான் சைவம்.
வாசகி, சுன்னாகம்

பதில்: அம்மா, முதலில் ‘ஸுமிமஸென்’. மன்னியுங்கள் என்பதும் அதுதான், வழியில் ஒருவரை நிறுத்துவதும் அதுதான், கடையில் ஆளைக் கூப்பிடுவதும் அதுதான். ரயிலில் யாராவது எழுந்து இடம் தந்தால் நன்றிக்கும் அதையே சொல்லலாம். முழு நன்றிக்கு ‘அரிகத்தோ கொஸைமஸ்’.

நம் ஊர்ப் பழக்கத்தில் மாமி, அக்கா என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். கியோத்தோவில் நான் தங்கிய இடத்து அம்மையாரை, மாமி என்று நினைத்து ‘ஒபாஸன்’ என்று கூப்பிட்டேன். குறிலாக ‘ஒபஸன்’ என்றால்தான் மாமி, நெடிலாக்கினால் பாட்டி. அவருக்கு ஐம்பது வயதுகூட இராது. மறுநாள் காலைவரை என் முகத்தை அவர் பார்க்கவில்லை. குறில் நெடில் பிழைத்தால் பொருள் பிழைக்கும் என்பது நமக்குப் புதிதல்ல, அவசரத்தில்தான் பிழைக்கிறது.

இனி உங்களுக்குள்ள பெரிய வசதியைச் சொல்கிறேன். இது, உது, அது, எது என்ற நான்கும் யாழ்ப்பாணத்தில் இன்னும் புழங்குகின்றன அல்லவா? யப்பானியரும் அப்படியே நான்காகத்தான் பிரிக்கிறார்கள்: கொரெ, ஸொரெ, அரெ, டொரெ. கடைக்காரர் கையில் இருப்பது, அதாவது கேட்பவருக்குக் கிட்ட உள்ளது, ‘ஸொரெ’, நம் உது. இங்கே, உங்கே, அங்கே, எங்கே என்பவை கொகொ, ஸொகொ, அஸொகொ, டொகொ. சென்னைக்காரர் ‘ஸொரெ’ படிக்கத் தலையைச் சொறிவார். நீங்கள் சொறியத் தேவையில்லை.

வாக்கிய ஒழுங்கும் நம்முடையதுதான். ‘எகி வ டொகொ டெஸ் க?’ என்றால் ஸ்டேஷன் எங்கே. ‘எகி’ இருக்கும் இடத்தில் ‘தொய்ரெ’ என்று வைத்தால் கழிப்பறை. ‘கொரெ வ இகுர டெஸ் க?’ இது என்ன விலை. ‘கொரெ ஒ குடஸை’, இதைத் தாருங்கள். அந்த ‘ஒ’ நம் ஐ உருபின் வேலையைச் செய்கிறது. ‘டெஸு’வின் கடைசி உகரத்தைக் குற்றியலுகரத்திலும் குறுக்கி விழுங்கிவிடுங்கள். க, த, ட எங்கே வலிக்கும், எங்கே மெலியும் என்பதை நம் எழுத்து காட்டாது. மகனைத் தொலைபேசியில் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

சைவச் சாப்பாடுதான் சிக்கல். ‘நிகு மொ ஸகன மொ தபெமஸென்’: இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன். அந்த ‘மொ... மொ’ நம் ‘உம்... உம்’. இதைச் சொன்ன பிறகும் சூப்பில் மீன் வரும். ‘தஷி’ என்று அவர்கள் வடிக்கும் சாற்றுக்குப் பெரும்பாலும் ‘கத்ஸுஒபுஷி’ என்ற உலர்ந்த சூரை மீனைச் சீவிப் போடுகிறார்கள். நம் மாசிக் கருவாட்டின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாது, அதனால் ‘தஷி மொ தமெ டெஸ்’, தஷியும் கூடாது என்று சேர்த்துச் சொல்லுங்கள். சாப்பிடமுன் ‘இததகிமஸ்’, எழும்பும்போது ‘கொசிஸோஸம தெஷித’.

கேள்வி: அப்படியானால் யப்பானிய மொழி தமிழிலிருந்து வந்ததா?
மாணவன், கொக்குவில்

பதில்: யப்பானிய மொழியியல் பேராசிரியர் சுசுமு ஓனோ இரண்டுக்கும் உறவு உண்டு என்று 1980களில் எழுதினார். நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதை வைத்து உறவு கொண்டாடினால் கொரிய மொழியும் துருக்கி மொழியும் பந்தியில் வந்து குந்தும்.