ஊர்ப் பாசமா, பிழைப்பா?

கேள்வி: அமெரிக்காவில் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வாரப் பத்திரிகைகள் வந்தனவாம். அந்தக் காலத்து ஆசிரியர்களுக்குச் சொந்த ஊர்மேல் இருந்த அக்கறையில் பாதிகூட இன்றைய பத்திரிகைகளுக்கு இல்லையே, ஏன்?

பதில்: அக்கறையா? அங்கே நார்த்தாம்ப்டனில் 'ஹாம்ப்ஷயர் கெஜட்' பிறந்த கதையைக் கேளுங்கள். 1786 ஆகஸ்ட் கடைசியில், கடனும் வரியும் கழுத்தை நெரித்த விவசாயிகள் திரண்டு வந்து அந்த ஊர் நீதிமன்றத்தை நடக்கவிடாமல் செய்தார்கள். ஷேஸ் கலகம் என்பது அதுதான். செப்டம்பர் 6-ம் தேதி கெஜட்டின் முதல் இதழ் வந்துவிட்டது. எதற்கு? கலகக்காரர்களுக்கு எதிராக அரசாங்கத்தின் பக்கத்தை எடுத்துச் சொல்ல!

சரி, அந்தக் காலத்து இதழ்களுக்குள் என்ன இருந்தது? பெரும்பாலும் பாஸ்டன், லண்டன் பத்திரிகைகளிலிருந்து எடுத்துப்போட்ட பழஞ்செய்திகள். பத்திரிகைக்காரர்கள் தங்களுக்குள் இதழ்களைத் தபால் செலவின்றி அனுப்பிக்கொள்ள 1792-ம் ஆண்டுச் சட்டம் இடம்கொடுத்ததால், கத்தரிக்கோலுக்கு நல்ல வேலை. யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் கொட்டகை எரிந்தது என்பதெல்லாம் அச்சேறும் முன்பே ஊருக்குத் தெரியும். அதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

உள்ளூர் வாசனை வேண்டுமென்றால் விளம்பரப் பத்திக்குத்தான் போக வேண்டும். வழிதவறிய மாட்டைத் தேடுபவர் ஒருபக்கம். 'மனைவி வீட்டைவிட்டுப் போய்விட்டாள், இனி அவள் வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பில்லை' என்று அறிவிக்கும் கணவன்மார் இன்னொரு பக்கம். (மனைவிமார் தரப்பு அபூர்வமாகத்தான் அச்சேறியது.) கந்தல் துணி வாங்கிக்கொள்கிறோம் என்று அச்சகத்தாரே விளம்பரம் போடுவார்கள், அன்றைக்குக் காகிதமே கந்தலில்தான் தயாரானது. அப்புறம், சந்தா பாக்கிக்காக ஆசிரியரின் கெஞ்சல்: ரொக்கம் இல்லையா, தானியம் கொடுங்கள், விறகாவது கொடுங்கள்.

ஊர்ச் செய்தி பத்தி பத்தியாக வர ஆரம்பித்ததெல்லாம் ரயிலும் தந்தியும் வந்த பிறகுதான். அதே பள்ளத்தாக்கிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு 1839-ல் பாஸ்டனிலிருந்து ரயில் வந்தது. பாஸ்டன் நாளிதழே சுடச்சுடக் கைக்கு வரும்போது, அதை வெட்டி அடுத்த வாரம் போடும் பத்திரிகையை யார் சீண்டுவார்கள்? பெருநகரத்து ஆசிரியரால் எழுத முடியாத சங்கதி சுற்றுக் கிராமங்களில்தான் இருந்தது. 1824-ல் வார இதழாகத் தொடங்கி 1844-ல் நாளிதழான 'ஸ்பிரிங்ஃபீல்டு ரிபப்ளிகன்' பள்ளத்தாக்கின் ஊர்ச் செய்திகளைச் சேகரித்துப் போட்டே பேர் வாங்கியது. பாசத்தால் அல்ல சார், போட்டியால். உங்கள் கண்ணில் பட்டது அந்தப் பிற்காலத்து இதழ்களாக இருக்கும். 1786-ன் இதழைப் புரட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.